பொய்யென்றால் யாருக்குப் பொய்?

“ஏ மாப்ள, இவனுவ ரெண்டு பேரும் எப்ப எந்திரிப்பானுவ?”

இது என் அத்தான் கேட்ட கேள்வி. 2021 ஆகஸ்ட் மாதம். குற்றாலத்தில் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. பேரருவியில் தண்ணி கொட்டியது, குளிக்க ஆளில்லை. கொரோனாவைச் சொல்லி அருவிகளை அடைத்து வைத்திருந்தார்கள். அய்ந்தருவி ரோட்டில் எண்ணெய்ப் பாட்டிலோடு நின்று, சீசன் மூன்று மாதமும் ஊரான் உடம்பைப் பிசைந்து வருசச் சாப்பாட்டைத் தேடுகிற மனுசன் அத்தான். இரண்டாவது வருசமாகக் கையில் எண்ணெய் படாமல் வீட்டில் கிடந்தார். அக்கா சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். பிளஸ் டூ படிக்கிற மருமகன் தன் போனிலிருந்து ஒரு வயரை டி.வி.யில் சொருகி, “மாமா, தமிழ்ல சயின்ஸ் பிக்‌ஷன் வந்திருக்கு, பாருங்க” என்று போட்டுவிட்டான்.

கால் மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் அத்தான் அப்படிக் கேட்டார். எட்டாம் வகுப்போடு நின்றவர். விமர்சனம் எழுதுகிறவர் இல்லை. ஆனாலும் அந்தப் படத்தின் நோயை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன இன்னொருவரை நான் பார்க்கவில்லை.

படம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். மணிரத்னமும் ஜெயேந்திராவும் தயாரித்து, 2021 ஆகஸ்ட் 6 அன்று நெட்பிளிக்சில் வெளியான ‘நவரசா’. ஒன்பது எபிசோடு, ரசத்துக்கு ஒன்று. அதில் அற்புத ரசத்துக்கு வாய்த்தது ‘ப்ராஜெக்ட் அக்னி’. ‘துருவங்கள் பதினாறு’ எடுத்த கார்த்திக் நரேன் இயக்கியது. அரவிந்த்சாமிக்கு விஷ்ணு என்று பெயர், ஆராய்ச்சியாளர். பிரசன்னாவுக்குக் கிருஷ்ணா என்று பெயர், இஸ்ரோக்காரர். விஷ்ணு கிருஷ்ணாவைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டு உட்காரவைத்து மகா ரகசியம் ஒன்றைச் சொல்கிறார். நாம் வாழ்கிற இந்த உலகமே நிஜமில்லை, யாரோ ஓட்டிக்கொண்டிருக்கிற போலி உலகம், சிமுலேஷன். ஆழ்மனதின் வழியாகக் காலத்தில் பின்னால் போகலாம். நடுவில் சுமேரியர் வருகிறார்கள். பூர்ணா கொஞ்ச நேரம் வந்து போகிறார். மற்றபடி இரண்டு ஆண்கள், ஒரு வீடு, இங்கிலீஷ் கலந்த பேச்சு. கடைசியில் வழக்கம்போல ஒரு திருப்பம். பார்க்காதவர்களுக்காக அதை விட்டுவிடுகிறேன்.

நல்லதையும் சொல்ல வேண்டும். பேயும் பாம்பும் சாமியாட்டமும் இல்லாமல் தமிழ்ச் சின்னத்திரையில் ஒரு விஞ்ஞானக் கதை வருவதே அபூர்வம். அதற்கு ஒரு இளைஞர் துணிந்தது பாராட்டத்தக்கது. ‘நவரசா’ எடுக்கப்பட்டதும் கொரோனாவில் வேலை போன சினிமாத் தொழிலாளர்களுக்கு உதவி திரட்டத்தான். நடிகர்களும் இயக்குநர்களும் சம்பளம் வாங்காமல் வேலை செய்தார்கள். அந்த நல்ல காரியத்தைக் கொச்சைப்படுத்துவது என் நோக்கமல்ல. உதவி உதவிதான், படம் படம்தான்.

சில வருசத்துக்கு முந்தைய ஒரு எபிசோடை இப்போது ஏன் கிண்டுகிறாய் என்று கேட்கலாம். அந்த எபிசோட் போனாலும் அதிலுள்ள வியாதி போகவில்லை. 2024 ஜூனில் ‘கல்கி 2898 கி.பி.’ வந்தது. கோடிக்கணக்கில் கொட்டி எடுத்த படம். ஆண்டு 2898 ஆகியும் அங்கே அஸ்வத்தாமன் இருக்கிறான், கல்கி பிறக்கப் போகிறான், பூமியில் மிஞ்சிய கடைசி நகரம் காசி. ‘ப்ராஜெக்ட் அக்னி’யிலோ விஷ்ணு, கிருஷ்ணா, கூடவே கல்கி என்று இன்னொருவர். இந்தியாவில் எதிர்காலம் என்று எதை எடுத்தாலும் அதற்கு முன்கூட்டியே பெயர் சூட்டி வைத்திருக்கிறார்கள்.

முதலில் படத்தைப் படமாகவே பேசுவோம். அற்புதம் என்றால் என்ன? எங்கள் ஊர்க்காரனுக்கு இது தெரியும். வெளியூர்ப் பிள்ளை ஒன்று முதல்தடவை அப்பன் தோளில் உட்கார்ந்து சன்னதி பஜார் வழியாக வருகிறது. சத்தம் கேட்கிறது. திரும்பினால் மலை வெள்ளையாக வழிந்து இறங்குகிறது. பிள்ளையின் வாய் திறந்தபடி நின்றுவிடும். பக்கத்தில் நின்று யாரும் சிற்றாற்றின் நீரியலை விளக்குவதில்லை. தண்ணி தலையில் விழுந்து மூச்சு முட்டும்போது அந்தப் பிள்ளைக்குத் தெரிகிறது, நேற்றுவரை தெரியாத ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று. ‘ப்ராஜெக்ட் அக்னி’யில் இது தலைகீழ். விளக்கவுரை மட்டும் இருக்கிறது, அருவி இல்லை. கேட்கிறவர் வியந்த முகம் காட்டுகிறார், நாம் வியக்கவில்லை. உலகமே பொய் என்று தெரிந்த பிறகும் அந்த வீட்டில் ஒரு நாற்காலிகூட இடம் மாறவில்லை.

பேச்சு என்பதால் மட்டும் நான் குறை சொல்லவில்லை. எச்.ஜி. வெல்ஸ் 1895இல் எழுதிய ‘கால எந்திரம்’ நாவலும் வரவேற்பறையில் ஆண்கள் உட்கார்ந்து பேசுவதில்தான் தொடங்குகிறது. விருந்து, நெருப்பு மூட்டிய கணப்பு, கனவான்கள். ஆனால் அந்தப் பயணி எழுந்து போகிறான். எட்டு லட்சம் வருசம் தாண்டிப் போய் என்ன பார்க்கிறான்? மேலே வெயிலில் பழம் தின்று ஆடிப் பாடுகிற எலாய். கீழே இருட்டில் எந்திரத்தை ஓட்டுகிற மார்லாக். முதலாளி, தொழிலாளி என்ற பிளவு அப்படியே இறுகி இரண்டு இனமாகிவிட்டது. கீழே தள்ளப்பட்டவன் ராத்திரியில் மேலே வந்து மேலே உள்ளவனைத் தின்கிறான். வெல்ஸ் தொழிலாளியை அழகாகக் காட்டவில்லை, அதில் நமக்குச் சண்டை உண்டு. ஆனாலும் கனவான்களின் அறைக்குக் கீழே ஒருவன் இருக்கிறான் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. கார்த்திக் நரேனின் அறைக்குக் கீழே யாருமில்லை. அந்த வீட்டைப் பெருக்குகிறவர் யார்? இஸ்ரோ நமக்கு அந்நியமில்லை. நம் திருநெல்வேலிச் சீமையிலேயே மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சின்களைச் சோதிக்கிறார்கள். அங்கேயும் வெல்டிங் வைக்கிறவன், சமைக்கிறவன், கக்கூஸ் கழுவுகிறவன் எல்லாரும் உண்டு. கதையில் இஸ்ரோ என்றால் ஒரு கோட்டு போட்ட கிருஷ்ணா மட்டும்தான். விளக்கைத் தூக்கிப் பிடித்த தொழிலாளியின் வயிற்றுக்காக எடுத்த படத்தில் அந்த வெளிச்சம் ஒரு தொழிலாளியின் முகத்திலும் விழவில்லை.

இதற்கு முந்தைய எபிசோடையும் சேர்த்துப் பார்த்தால் சங்கதி இன்னும் துலங்கும். நகைச்சுவை ரசத்துக்குப் பிரியதர்ஷன் எடுத்த ‘சம்மர் ஆஃப் 92’. அதில் நாய் ஒன்று மலக்குழியில் விழுந்து, அந்த அசிங்கத்தோடு வீட்டுக்குள் ஓடி, ஒரு கல்யாணப் பேச்சைக் கெடுக்கிறது. சிரிக்கச் சொல்கிறார்கள். மலக்குழி என்றால் நம் தெருவில் யாருக்கும் சிரிப்பு வராது. அதில் இறங்கி ஏறாமல் போனவர்களின் கணக்கு நம்மிடம் இருக்கிறது. அந்தச் சிரிப்பு முடிந்து அடுத்ததைப் போட்டால் ‘உலகம் ஒரு மாயை’ என்று விஞ்ஞானம் பேசுகிறார்கள். குழி நிஜமாக இருந்தபோது சிரித்தார்கள், அடுத்த எபிசோடில் எல்லாமே பொய் என்று கையைக் கழுவிவிட்டார்கள்.

இனி அந்தத் தத்துவத்துக்கு வருவோம். சிமுலேஷன் என்பது கார்த்திக் நரேன் கண்டுபிடித்ததல்ல. ஆக்ஸ்போர்டில் இருந்த நிக் போஸ்ட்ரோம் 2003இல் இதைத் தர்க்கமாக எழுதினார். மூன்றில் ஒன்று உண்மையாக வேண்டும் என்றார். போலி உலகங்களை ஓட்டுகிற அளவுக்கு வளர்வதற்குள் மனித இனம் அழிந்துபோகும், அல்லது அப்படி வளர்ந்தவர்கள் அதை ஓட்ட விரும்பமாட்டார்கள், அல்லது நாமே ஏறக்குறைய நிச்சயமாக அப்படியொரு போலி உலகத்துக்குள் இருக்கிறோம். தர்க்கம் சுவையாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த மண்ணில் இது இறங்கும்போது வேறொரு சட்டையை மாட்டிக்கொள்கிறது. ‘ஜகத் பொய்’ என்று ஆயிரம் வருசத்துக்கு மேலாக நமக்குச் சொல்லி வருகிறார்கள். அதே மாயைக்கு இப்போது கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். பிரம்மம் என்றிருந்த இடத்தில் புரோகிராமர். சாமியார் என்றிருந்த இடத்தில் சயின்டிஸ்ட். பெயர் மட்டும் மாறவில்லை, அதே விஷ்ணு, அதே கிருஷ்ணா.

ஒரு பழைய கதை உண்டு, பலருக்கும் தெரிந்திருக்கும். உலகம் மாயை என்று சொன்ன ஆதிசங்கரர் சீடர்களோடு காசியில் குளிக்கப் போகிறார். எதிரே நாலு நாயோடு ஒரு சண்டாளர் வருகிறார். ‘விலகிப் போ’ என்கிறார் சங்கரர். அவர் திருப்பிக் கேட்கிறார்: எது விலக வேண்டும், இந்த உடம்பா, ஆன்மாவா? எல்லாம் ஒன்று என்று போதிக்கிற நீ எதை எதிலிருந்து விலகச் சொல்கிறாய்?

என்ன கேள்வி அது! இந்தத் தேசத்தின் தத்துவ விசாரணையிலேயே இதற்கு நிகரான கேள்வி குறைவு. உலகம் பொய் என்பவனுக்குத் தீட்டு மட்டும் எப்படி மெய்யாகிறது என்று அந்தத் தெருவில் வைத்தே மடக்கிவிட்டார். ஆனால் கதை அங்கே நிற்பதில்லை. அந்தச் சண்டாளர் சண்டாளரே இல்லையாம். வந்தது சிவபெருமானாம். நாலு நாய்களும் நாலு வேதங்களாம். சங்கரர் விழுந்து கும்பிடுகிறார். முடிந்தது கதை. இதுவல்லவா திருப்பம்! கேள்வி கேட்டவரைக் கதையிலிருந்தே துடைத்தாகிவிட்டது. கும்பிடு சிவனுக்குப் போயிற்று. அந்தத் தெருவைக் கூட்டுகிற நிஜ மனிதருக்கு மறுநாள் காலையிலும் ‘விலகிப் போ’தான்.

அது காசி. நாங்கள் இருப்பது தென்காசி. கேள்வி இங்கேயும் வந்தது. எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்தது.

படம் முடிந்ததும் மருமகன் என்னிடம் வாதாடினான். அவனுக்குப் படம் பிடித்திருந்தது. “மாமா, நீங்க பழைய ஆளு. இதெல்லாம் நோலன் ஸ்டைல், யோசிக்க வைக்கிற படம்” என்றான். சரி, யோசி என்றேன். சாப்பிடும்போது திடீரென்று கேட்டான்: “மாமா, இது நிஜமாவே சிமுலேஷன்னு வைங்க. புரோகிராம் எழுதுனவன் நம்மள மட்டும் எதுக்கு இந்தத் தெருவுல கொண்டு போட்டான்?”

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். அத்தான் சோற்றைப் பிசைந்துகொண்டே, “போன செம்மத்துல செஞ்ச பாவம்னு சொல்லுவான்ல, அந்த ஃபைலத் தேடிட்டு இருப்பான்” என்றார். எல்லாரும் சிரித்தோம். எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

விஷ்ணுவும் கிருஷ்ணாவும் அவ்வளவு நேரம் பேசியும் கேட்காத கேள்வியைப் பதினேழு வயசுப் பையன் ரசஞ்சோறு தின்றுகொண்டே கேட்டுவிட்டான். உலகம் ஒரு புரோகிராம் என்றால் முதலில் கேட்க வேண்டியது என்ன? யார் எழுதியது, யாருக்கு லாபம், ஏன் ஒருவனுக்கு மாடி வீடும் இன்னொருவனுக்கு மலக்குழியும் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பதுதானே? படத்தில் அந்தக் கேள்வி எழாததற்குக் காரணம் திறமைக் குறைவல்ல. ஒதுக்கீட்டில் நல்ல இடம் கிடைத்தவனுக்கு அதைக் கேட்கத் தோன்றாது. அவனுக்கு உலகம் பொய் என்பது ஒரு கிளுகிளுப்பு. நமக்கு அது பழைய வசவு. அடி வாங்கியவனிடம் போய் ‘அடி என்பது தோற்றம்’ என்று சொல்லிப் பாருங்கள். சிமுலேஷனாகவே இருந்தாலும் முதுகில் விழுகிற அடி வலிக்கத்தான் செய்யும். வலிக்கிறவனுக்கு அதுதான் மெய்.

சரி, நிஜ வாழ்க்கையில் சிமுலேஷன் இல்லையா? இருக்கிறது. நான் பேங்க் கவுண்டரில் உட்கார்ந்து தினமும் பார்க்கிறேன்.

2016 நவம்பர் 8, ராத்திரி எட்டு மணி. டி.வி.யில் ஒரு பேச்சு. நடுச்சாமத்தோடு அய்நூறு, ஆயிரம் நோட்டு செல்லாது. புழக்கத்திலிருந்த பணத்தின் மதிப்பில் 86 சதவீதம் காகிதமாயிற்று. இதைவிட என்னய்யா சயின்ஸ் பிக்‌ஷன்? ஒருவர் ஒரு வரியை மாற்றினார், கோடிக்கணக்கான பேருடைய உலகம் மாறிற்று. அப்போது நான் வேலைக்குப் புதுசு. கெடு முடிந்த பிறகு அரிசிப் பானைக்குள்ளிருந்து எடுத்த ஏழு அய்நூறு ரூபாய் நோட்டை மடியிலிருந்து அவிழ்த்து நீட்டிய ஒரு ஆச்சியிடம், “இது இனிமே பணம் இல்ல ஆச்சி” என்று சொன்னது நான்தான். “பொறவு இது என்னய்யா?” என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

இன்னொன்று. எங்கள் பக்கம் கடையநல்லூர், ஆலங்குளம், பாவூர்சத்திரம் என்று எங்கே போனாலும் பீடி சுற்றுகிற பெண்கள். இலையும் நூலும் உரசி உரசி முப்பது நாற்பது வருசத்தில் விரல் நுனி வழுவழுவென்று ஆகிவிடும். கைரேகை மிஷினில் விரலை வைத்தால் சிவப்பு விளக்கு. தொடச்சிட்டு வையுங்க, அழுத்தி வையுங்க, அடுத்த விரலை வையுங்க. பத்து விரலும் முடிந்தது, மிஷின் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு பெரியம்மை கோபமாகவே கேட்டாள்: “ஏய்யா, நாந்தான்யா அது. எனக்குப் பதிலா வேற எவ வந்து நிப்பா?” மூன்றாம் நாள் மேனேஜரிடம் கையெழுத்து வாங்கி, ரெஜிஸ்டரில் எழுதி, அவளுடைய உதவிப் பணத்தைக் கொடுத்தோம். உழைத்த காரணத்தாலேயே ஒருத்தியின் அடையாளம் அழிந்து, ‘நீ நீயில்லை’ என்று எந்திரம் சொல்கிறது. இதை எடுக்க கிராபிக்ஸ் வேண்டாம், சுமேரியரும் வேண்டாம். இதல்லவா நம் காலத்து விஞ்ஞானக் கதை? இதை யார் எடுப்பார்கள்?

காலப்பயணத்துக்கும் இதே கணக்குதான். ஆழ்மனதில் புகுந்து பின்னால் போகலாம் என்கிறார் விஷ்ணு. அவர் போகலாம். போன இடத்தில் அவருக்கு நாற்காலி போடுவார்கள். நான் போனால்? அமெரிக்காவில் ஒக்டேவியா பட்லர் என்று ஒரு கறுப்பின எழுத்தாளர். தாய் வீட்டு வேலை செய்து வளர்த்த பிள்ளை. 1979இல் ‘கிண்ட்ரெட்’ என்று ஒரு நாவல் எழுதினார். 1976இல் வாழ்கிற டேனா என்ற கறுப்புப் பெண் திடீர் திடீரென்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்துக்கு, மேரிலாந்து அடிமைப் பண்ணைக்கு இழுக்கப்படுகிறாள். அங்கே அவள் வேடிக்கை பார்க்க வந்தவள் அல்ல, அடிமை. சாட்டையடி வாங்குகிறாள். கடைசியில் ஒரு கையை இழந்துதான் திரும்புகிறாள். இறந்தகாலம் எல்லாருக்கும் ஒன்றல்ல என்பதை விஞ்ஞானக் கதையால் எவ்வளவு பலமாகச் சொல்ல முடியும் என்பதற்கு அந்த நாவல் சாட்சி.

நம் ஊரிலேயே காலப்பயணம் நடந்திருக்கிறது. தென்காசியிலிருந்து செங்கோட்டை கூப்பிடு தூரம். 1956 நவம்பர் 1 வரை அது திருவிதாங்கூர். 1936 நவம்பர் 12 அன்று திருவிதாங்கூர் அரசு தன் கோயில்களை எல்லாச் சாதிக்கும் திறப்பதாகப் பிரகடனம் செய்தது. இந்தப் பக்கம் வெள்ளைக்காரன் ஆட்சி. 1939இல் மதுரை மீனாட்சி கோயில் நுழைவு நடந்த பிறகுதான் சென்னை மாகாணத்தில் அதற்குச் சட்டம் வந்தது. நடுவில் இருந்த அந்த மூன்று வருசத்தில் தென்காசியிலிருந்து ஒரு பாட்டன் கிழக்கே வெயிலை வைத்து மேற்கே நடந்திருந்தால், ரெண்டு மணி நேரத்தில் வேறொரு சட்டத்துக்குள், வேறொரு காலத்துக்குள் போயிருப்பார். சாயங்காலம் திரும்பி வந்தால் மறுபடி பழைய காலம். சட்டம் திறந்த கதவை ஊர் திறந்ததா என்பது வேறு கதை. ஆனால் இதைவிட ஒரு கால எந்திரத்தை யாரால் கற்பனை செய்ய முடியும்?

ஆகவே விஞ்ஞானக் கதை என்பது கோட்டு போட்டவனின் சரக்கு, நமக்கு ஆகாது என்று சொல்ல நான் வரவில்லை. நேர் எதிராகச் சொல்கிறேன். நமக்குத்தான் அது ரொம்பத் தேவை. இப்போது இருப்பதுதான் என்றைக்கும் இருக்கும் என்று சொல்கிறவர்கள் நடுவில், ‘இல்லை, வேற மாதிரியும் இருக்கலாம்’ என்று காட்டுகிற கலை அது. ரொக்கையா என்கிற வங்காள முஸ்லிம் பெண் 1905இல் ‘சுல்தானாவின் கனவு’ எழுதினார். ஆண்கள் வீட்டுக்குள் அடைபட்டிருக்க, பெண்கள் சூரிய வெப்பத்தைப் பிடித்து நாட்டை ஆளுகிறார்கள். அது முதலில் அச்சானது நம் சென்னையிலிருந்து வந்த ஒரு பெண்கள் பத்திரிகையில். சுஜாதாவோடு நமக்கு ஆயிரம் கணக்கு பாக்கி உண்டு. ஆனாலும் தூர்தர்ஷனிலும் தொடராக வந்த அவருடைய ‘என் இனிய இயந்திரா’வை நினைத்துப் பாருங்கள். கதை நடப்பதே 2021இல். நாட்டை ஆட்டிப்படைக்கிற சர்வாதிகாரி ஜீவா கடைசியில் வெறும் ஒளிப்பிம்பம் என்று தெரிகிறது. அங்கே பொய்யாகிப் போகிறவன் ஆள்கிறவன். நிஜமான 2021இல் வந்த ‘ப்ராஜெக்ட் அக்னி’யில் ஆளப்படுகிற நாமெல்லாம் பொய்யாகிவிட்டோம். இதற்குப் பெயர் வளர்ச்சியா?

மலைக்கு அந்தப் பக்கம், திருவனந்தபுரத்தில், 2018இல் பொறியியல் படித்த சில இளைஞர்கள் ‘பாண்டிகூட்’ என்று ஒரு ரோபோவைக் கொண்டுவந்தார்கள். பெருச்சாளி என்று அர்த்தம். பாதாளச் சாக்கடைக்குள் மனிதனுக்குப் பதிலாக அது இறங்கும். மலம் அள்ளும் வேலையில் மனிதரை இறக்குவதைத் தடை செய்து 2013இல் சட்டம் வந்தும் குழிக்குள் சாவு நிற்கவில்லை. அந்த எந்திரக் கால்கள் குழிக்குள் இறங்குவதையும், வழக்கமாக இறங்குகிறவர் மேலே நின்று அதை ஓட்டுவதையும் நான் ஒரு வீடியோவில் பார்த்தேன். என் வாய் அந்த அருவி பார்த்த பிள்ளையின் வாய் மாதிரித் திறந்துவிட்டது. அற்புத ரசம் வேண்டுமா அய்யா? இதோ இருக்கிறது.

எனக்குத் தெரியும், சிலர் சொல்வார்கள்: “எல்லாத்துலயும் சாதியைப் பாக்கணுமா? ஒரு அரை மணி நேரக் கதை, ரசிச்சிட்டுப் போக வேண்டியதுதானே?” ரசிக்கத்தானே உட்கார்ந்தோம்! வேலையில்லாத மசாஜ்காரர், பீடிக்காரி, கிளார்க்கு, பள்ளிக்கூடப் பையன், நாலு பேரும் ஒரு ஞாயிற்றுக்கிழமையை அதற்குக் கொடுத்தோம். விஷ்ணு, கிருஷ்ணா, கல்கி என்று பெயர் வைத்தது நாங்களா? உலகத்தை ஒருவன் மேலிருந்து எழுதினான் என்ற கதையைச் சொல்லிவிட்டு, அதில் கீழே எழுதப்பட்டவனை மட்டும் ‘நீ அதைப் பேசாதே’ என்றால் எப்படி?

மருமகன் இப்போது இன்ஜினியரிங் முடிக்கப் போகிறான், கம்ப்யூட்டர் சயின்ஸ். இந்தச் சீசனில் வீட்டுக்கு வந்திருந்தபோது அந்தப் படத்தை மறுபடி போட்டான். பாதியிலேயே நிறுத்தினான். “மாமா, நீங்க சொன்னது சரிதான், பேசிட்டே இருக்கானுவ” என்றான். எனக்கு அதில் பெருமை ஒன்றுமில்லை. அவனுடைய அந்தப் பழைய கேள்வி இருக்கிறதே, ‘எதுக்கு இந்தத் தெருவுல கொண்டு போட்டான்’ என்பது, அதை எழுது என்றேன். “எனக்குக் கதை எழுத வராது மாமா, புரோகிராம்தான் எழுத வரும்” என்றான். புரோகிராம் எழுதத் தெரிந்தவன் ஒருவன் நம் தெருவில் வந்துவிட்டான் என்பதே எனக்கு அந்த எபிசோடைவிடப் பெரிய அற்புதமாகப் பட்டது.

தோழர்களே, நாம் கவிதை எழுதினோம், தன்வரலாறு எழுதினோம். பட்டதையெல்லாம் எழுதினோம், எழுதத்தான் வேண்டும். ஆனால் 2898ஆம் வருசத்தையும் அவர்களுக்கே பட்டா போட்டுக் கொடுத்துவிட்டு நாம் நேற்றைய காயத்தை மட்டும் எழுதிக்கொண்டிருந்தால் போதாது. கைரேகை அழிந்த பெரியம்மையை, மேற்கே நடந்து வேறொரு காலத்துக்குள் போன பாட்டனை, குழியின் மேலே நின்று எந்திரத்தை ஓட்டுகிற மனிதரை நாம்தான் எழுத வேண்டும். தப்பும் தவறுமாக இருக்கட்டும், விஞ்ஞானம் கொஞ்சம் பிசகட்டும். சுமேரியரைக் கூப்பிடுகிறவர்களே வெட்கப்படவில்லை, நமக்கென்ன?

அத்தான் கேட்டது அந்த இரண்டு பேரைப் பார்த்து. அவர்கள் எந்திரிக்கப் போவதில்லை, அவர்களுக்கு உட்கார்ந்த இடம் சுகமாக இருக்கிறது. நாம எப்ப எந்திரிக்கப் போறோம்?